எலிகளுக்குச் சரியாகிவிட்டது

என் ஆராய்ச்சிக் கட்டுரையை உலகத்திலேயே அதிகம் கவனித்தவன் என் தம்பிதான். காலையில் அம்மா அவனுக்குப் பல் தேய்த்துவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைப்பார். பட்டுப்புடவைக்கு பார்டர் டிசைன் போட்டுத் தருவது அவன் தொழில். ஆனால் முதலில் திறப்பது இணையத்தில் இருக்கும் என் பக்கத்தைத்தான். என் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற எண் அதில் இருக்கும். கூடியிருந்தால் உடனே பெங்களூருக்கு போன் வரும். "அக்கா, ஸ்கோர் ஏறிகிச்சி!"

அவனுக்குத் தசை நலிவு நோய். சின்ன வயதில் படியேறும்போது விழ ஆரம்பித்தான். அப்புறம் சமதரையிலும் விழுந்தான். அப்புறம் சக்கர நாற்காலி. கடைசியில் விரல்கள் மட்டும் அவன் சொன்னபடி கேட்டன. நான் மூலக்கூறு உயிரியல் படித்ததே அவனைக் குணப்படுத்தத்தான். படித்தால் எதையும் சரிசெய்துவிடலாம் என்று அந்த வயதில் நம்பினேன். திமிர்தான், வேறென்ன.

எங்களுடையது சமணக் குடும்பம். பொழுது சாய்ந்துவிட்டால் எங்கள் வீட்டில் சாப்பாடு கிடையாது. எறும்பு வரிசையைக் கண்டால் அம்மா சுற்றிக்கொண்டு போவார். எலிகளை வைத்துத்தான் என் வேலை என்று தெரிந்ததும் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். "ஊசி மட்டுந்தாம்மா போடுவாங்க" என்று தம்பிதான் சமாளித்தான். அந்த ஊசிக்கே அம்மா திருமலைச் சமணக் கோயிலுக்குப் போய், எலிகளுக்காகச் சுவாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

அதே நோய் வந்த எலிகளுக்கு மருந்தை ஊசியில் ஏற்றி, ஒரு மரபணுவை அடக்கிப் பார்த்தோம். காலை இழுத்துக்கொண்டு கிடந்தவை எழுந்து நடந்தன. அதுதான் என் கட்டுரை. மேற்கோள் என்றால் மருந்து இல்லை, இன்னொருவர் எழுதும்போது நம்மைக் குறிப்பிடுவது, அவ்வளவுதான் என்று தம்பியிடம் பலமுறை சொன்னேன். "எங்கியோ ஒருத்தன் எனக்காக வேல செஞ்சிகினு இருக்கான் இல்ல? அது போதும்க்கா" என்பான்.

பிறகு ஒரு வருடம் எண் தாறுமாறாக ஏறியது. காரணம் எனக்குத் தெரியும். வெளிநாட்டில் அதே மருந்தை நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்துவிட்டார்கள், பலிக்கவில்லை. எலிக்கு நடந்தது மனிதனுக்கு நடக்காது என்று எழுதுகிறவர்களும் என் கட்டுரையைச் சொல்லித்தானே ஆகவேண்டும்! எனக்குப் பேராசிரியர் பதவி கிடைத்தது. தேர்வுக் குழுவில் அந்த எண்ணைப் பாராட்டினார்கள். யார் என்ன சொல்லி மேற்கோள் காட்டினார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கையெழுத்துப் போட்டுப் பதவியை வாங்கிக்கொண்டேன்.

ஊருக்கு வந்தால், தம்பி தெரு முழுக்க லட்டு கொடுக்க வைத்திருந்தான். "இந்த வேகத்துல போனா மருந்து ஜல்தியா வந்துடும் இல்லக்கா?" என்றான். அடுத்த ஐப்பசியில் அவன் எங்களை விட்டுப் போய்விட்டான். ஆனால் லட்டு கொடுத்த அந்தச் சாயங்காலம், மருந்து வருமா என்று கேட்ட அவன் முகம்தான் இன்னும் எனக்குள் நிற்கிறது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மேலும் பொய்யாகச் சிரிக்க என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

பார்வையைத் திரையிலிருந்த எண்ணுக்குத் திருப்பினான்.

"அப்போ ஸ்கோர் ஏறும்போதெல்லாம், எனக்கு மருந்து இல்லன்னுதான் சொல்லிகினு இருந்தாங்களா?"

"எல்லாரும் அப்படி இல்லடா. நிறைய பேர்."

அழுதது நான்தான். அவன் அழவில்லை. இருட்டுவதற்குள் அவனுக்கு ஊட்டிவிடத் தட்டோடு வந்த அம்மா, வாசற்படியிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். உள்ளே வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார்.

"அந்த எலிங்களுக்காவது சரியாச்சா?" என்று கேட்டார்.

மருந்து வேலை செய்ததா என்று பார்க்க, நடந்த எலிகளைக் கொன்று தசையை அறுத்து எடுத்தோம். கட்டுரையை வரிவரியாகப் படித்திருந்த தம்பிக்கு அது தெரியும். என்னை ஒருமுறை பார்த்தான்.

"ஆச்சும்மா" என்றான். "எல்லாம் நல்லா ஓடிகினு கீதுங்க."