கனி பாய் கழுவிய பில்டர்

வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "அண்ணே, மாமா மௌத்தாயிட்டாரு" என்றான் கனி பாயின் மருமகன். அடப்பாவமே! முந்தாநாள்கூட ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருமிக்கொண்டே என்னைக் கிண்டலடித்த மனுஷன்.

எண்ணூரில் நம் குப்பத்துக்கு, காற்றிலிருந்து குடிநீர் எடுக்கும் சோலார் மெஷின் வந்தபோது, அதைப் பார்த்துக்கொள்ளத் தண்டையார்பேட்டையிலிருந்து வந்த ஏசி மெக்கானிக் அவர். "ஏசிலேர்ந்து தண்ணி சொட்டுதில்ல? அதான் நைனா இது. இன்னா பெரிய வித்தை?" என்பார். தினமும் முதல் டம்ளரைத் தான் குடித்துப் பார்த்த பிறகுதான் நமக்குக் குழாயைத் திறந்துவிடுவார். உங்களுக்கெல்லாம் அது நினைவிருக்கும்.

உங்களில் பலருக்கு இன்னும் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த மெஷின் காற்றை இழுக்கும் வாயில் ஒரு வெள்ளை பில்டர் உண்டு. மாதம் ஒருமுறை கழுவினால் போதும் என்று மாட்டியவர்கள் சொன்னார்கள். ஒரே வாரத்தில் பாய் அதைக் கழற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். அடுப்புக்கரி அப்பியதுபோல் இருந்தது.

"தண்ணிய டெஸ்ட்டுக்கு குடுத்து பாத்துட்டேன், சுத்தமா கீது. ஆனா இந்த காத்ததான நைனா நாம இழுத்துகினு கீறோம்? குழாயாண்ட மாட்டி வெப்போம். ஜனங்க பாக்கட்டும்."

மீனவர் சங்கச் செயலாளர் நான், பயந்துவிட்டேன். இதைப் பார்த்தால் யாரும் அந்தத் தண்ணீரைத் தொடமாட்டார்கள், மறுபடியும் லாரிக்குக் குடத்தோடு நிற்க வேண்டும். "வாணாம் பாய். யாருக்கும் தெரியாம கழுவிடு" என்றேன். அவருக்கு மனசில்லை. ஆனாலும் என் பேச்சுக்குக் கட்டுப்பட்டார். வாரத்துக்கொருமுறை, பிறகு தினந்தோறும், மெஷின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கரியைத் தட்டி உதறிக் கழுவினார்.

"பில்டர கழட்டி கழுவிட்டேன். நெஞ்ச எப்டி கழட்றது?" என்று இருமிக்கொண்டே வெளியே வருவார். நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் புது பில்டர் மாட்டினேன். சாயங்காலமே கறுத்திருந்தது. கழுவவில்லை. குழாயோரம் ஆணியடித்துத் தொங்கவிட்டேன். குடத்தோடு வந்த பெண்கள் அப்படியே நின்றார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். ஒருத்தி கேட்டாள்: "தண்ணின்னா லாரில புடிச்சிக்கலாம்ணே. காத்துக்கு எங்க போறது?"

பாய் வைத்துவிட்டுப் போன டம்ளர் என் கையில் இருந்தது. இனி முதல் தண்ணீரைக் குடிப்பவன் நான். பில்டரை மட்டும் மறைக்கமாட்டேன், பாய்.