வாசலில் ஒரு திசை நட்சத்திரம்

ஏழாயிரம்பண்ணையில் சாத்தூர் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். வெயில் தாங்காமல் எதிர்வீட்டில் தண்ணீர் கேட்கிறேன். செம்பை நீட்டுகிற பெண்ணின் பெயர் செல்வராணி. அவர் வீட்டுச் சிமெண்டு வாசலில், வரைபடங்களின் மூலையில் திசை காட்ட வரைவார்களே, அந்த நட்சத்திரம் புடைப்பாக எழும்பி நிற்கிறது.

"இது எங்க வீட்டுக்காரவுக ஒட்டுன தரைச்சக்கரப் பெட்டி லேபிள்ல இருந்த படம் தம்பி. பட்டாசுக் கம்பெனி வெடிச்சதுல அவுகளுக்கு ரெண்டு கண்ணும் போயிருச்சு. கால் வச்சா திசை தெரியணும்னு கொத்தனார வச்சுப் போட்டோம்."

அவருடைய கணவர் குடத்துடன் வெறுங்காலோடு வெளியே வருகிறார். பாதத்தால் ஒரு முனையைத் தடவிப் பார்த்து, வடக்கே குழாயடிக்குச் சரியாகத் திரும்பி நடக்கிறார்.

கிழக்கு முனை மட்டும் கொத்தி எடுக்கப்பட்டிருப்பதை அப்போதுதான் கவனிக்கிறேன். ஏன் என்று கேட்கிறேன். செல்வராணி குரலைத் தாழ்த்துகிறார்.

"கம்பெனி அங்கனதான் இருக்கு. எங்க மகளும் அன்னைக்கு உள்ளதான் வேலை பாத்தா. அவ பொழைக்கல. சிமெண்டு காஞ்ச மறுநாளே அவுகளே உளி எடுத்துக் கொத்திட்டாக. அந்தப் பக்கம் என் காலு போகக் கூடாதுன்னாக."

பஸ் ஹாரன் கேட்கிறது. குழாயடியிலிருந்து அவர், "தம்பி எங்கிட்டுப் போறீக?" என்கிறார்.

சாத்தூர் கிழக்கே இருக்கிறது. தயங்கித் தயங்கிச் சொல்கிறேன்.

அவர் குழாயை மூடவில்லை. குடம் நிரம்பி வழிகிறது.

"கம்பெனி வாசல்கிட்ட ஒரு வேப்பமரம் உண்டு. எம்மக அதுக்குக் கீழதான் உக்காந்து சாப்பிடுவா. இன்னும் நிக்குதான்னு பாருங்க."