பெரியப்பாவின் புது வலை

எங்கள் குப்பத்தில் காலா மீன் பிடிக்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று நான் நைனா என்று கூப்பிடும் என் அப்பாவுடையது, மற்றது பெரியப்பாவுடையது. சிறுவயதில் எனக்கிருந்த பொறாமை முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வளர்ந்தது.

நைனா நீளக் கயிற்றில் வரிசையாகத் தூண்டில் முள் கட்டி, ஒவ்வொன்றிலும் இறால் குத்திக் கடலில் விடுவார். ஒரு முள்ளுக்கு ஒரு மீன், அதுவும் கடித்தால். பெரியப்பாவோ எஞ்சின் வைத்த ஃபைபர் படகும் நைலான் வலையும் வாங்கிவிட்டார். அந்த வலை தண்ணீருக்குள் சுவர் மாதிரி நிற்கும். கூட்டமாக வரும் காலா அதில் தலையை நுழைத்துவிட்டுப் பின்வாங்க முடியாமல் செவுளில் மாட்டிக்கொள்ளும். நைனா வாரம் முழுக்கப் பிடிப்பதை அது ஒரே விடியலில் பிடித்துவிடும். கும்மிடிப்பூண்டியிலிருந்து மீன் வாங்க வரும் ஐஸ் வண்டிக்காரர், காலாவை 'இந்தியன் சால்மன்' என்று மரியாதையாகச் சொல்வார். எங்கள் வாசலில் நிற்காமல் பெரியப்பா வீட்டு முன்னால்தான் போய் நிறுத்துவார்.

பெரியப்பா மகளுக்கு என் வயதுதான். அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்து எனக்குத் தெரியும்படி ஐஸ் கடிப்பாள். எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் நைனாவும் தூண்டிலைச் சுருட்டி வைத்துவிட்டு தன் அண்ணன் படகிலேயே வேலைக்குப் போனார்.

"உங்க நைனா இனிமே எங்க போட்ல வேல செய்ற ஆளுதான்," என்றாள் அவள்.

படகு கவிழட்டும் என்று வேண்டிக்கொள்ளப் போனேன். நைனாவும் அதில் இருப்பது ஞாபகம் வந்ததால், வலை மட்டும் போகட்டும் என்று மாற்றிக்கொண்டேன்.

மதியம் படகு வலையில்லாமல் திரும்பியது. நைனா வலைக் கயிற்றைக் கத்தியால் அறுத்துவிட்டாராம். பெரியம்மா கரையிலேயே மண்ணை வாரித் தூற்றினாள். "வயித்தெரிச்சல்ல அறுத்துட்டான் பாவி!"

பெரியப்பா நொண்டிக்கொண்டு இறங்கினார். கணுக்காலில் சுற்றிய துண்டு சிவந்திருந்தது. "வாய மூடுடி! வலை எறக்கசொல்ல கயிறு கால்ல சுத்திக்கினு என்னை உள்ள இஸ்துக்கினு போச்சு. அவன் அறுக்கலன்னா இந்நேரம் நான் இல்ல."

பெரியம்மா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கோ ஏமாற்றமாக இருந்தது. என் பொருட்டு அறுத்தார் என்றல்லவா நினைத்திருந்தேன்? பெரியப்பா குடும்ப மானத்துக்காக ஏதோ சொல்கிறார் என்று முடிவு செய்துகொண்டேன்.

பொழுது சாய்ந்து நைனா சாப்பிட உட்கார்ந்தபோது, ஒட்டி உட்கார்ந்து காதோடு கேட்டேன். "நைனா, அறுக்கசொல்ல உனக்கு சந்தோசமா இருந்துச்சா?"

அம்மாதான் முதுகில் ஒன்று வைத்தாள். "இன்னா பேச்சுடி இது!"

நைனா என்னைத் திட்டவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கூடப்பிறந்தவர் உயிரைக் காப்பாற்றிவிட்டு வந்த மனிதருக்கு ஒரு வாய்ச் சோறு ஏன் இறங்கவில்லை என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.