ஆறு படிகளைக் காப்பாற்றிய விண்ணப்பம்

எங்கள் தெருவில் எல்லாமே சிவப்புச் செங்கல் வீடுகள். எல்லா வாசலிலும் ஆறு கற்படிகள். நிலக்கரிச் சுரங்கம் தன் தொழிலாளர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு இது. அவர்களுக்குச் சம்பளத்தோடு கரியும் கிடைத்தது. அதைத் தெருவில் நின்றபடியே நிலவறைக்குள் அள்ளிக் கொட்டுவதற்காக, நிலவறையைப் பாதி தரைக்கு மேலே எழுப்பி, வீட்டை அதன் தலையில் வைத்தார்கள். ஆகவே ஆறு படிகள். இந்தத் தகவல் நகரசபைக் கோவையில் பதினேழாம் பக்கத்தில் இருக்கிறது. எழுதியவன் நான். அதனால்தான் என் மனைவி ஐந்து மாதமாகத் தன் விருப்பப்படி வெளியே காலெடுத்து வைக்கவில்லை.

நாங்கள் இந்த இடத்துக்கு ஆசைப்பட்டு வரவில்லை. ஜெர்மனியில் அகதி விண்ணப்பம் போட்டவர்களை ஊர் ஊராகப் பங்கிட்டபோது எனக்கு இந்தக் கிராமம் விழுந்தது. கலியாணமாகாத சுரங்கத் தொழிலாளர்களுக்கான பழைய விடுதியில் ஓர் அறைக்கு நான்கு பேர். வேலை செய்ய அனுமதி இல்லை. மாவட்ட எல்லையைத் தாண்டக் கடிதம் வேண்டும். திரும்பி வரவேண்டிய நேரமும் அதில் எழுதியிருக்கும். எல்லை என்பது சுரங்கக் கழிவைக் கொட்டிக் குவித்த குன்றுக்குப் பின்னால், சீமெந்துக் கரைகளுக்கிடையே ஓடிய ஒரு சாக்கடைக் கால்வாய். அதன் மேல் ஒரு சின்னப் பாலம். பாலத்துக்கு அங்கால், கெல்சென்கிர்ச்சன் நகரத்தில், நண்பர்கள் மீன் குழம்பு வைத்தார்கள். இங்கால் நான் நடந்தேன்.

நடப்பதற்கு மட்டும் விண்ணப்பம் தேவைப்படவில்லை. சுரங்கக் கோபுரத்தின் சக்கரம் எந்த நேரம் சுழலும், எந்த வீட்டுப் பரணில் பந்தயப் புறா வளர்க்கிறார்கள், எந்தச் சுவர் நிலம் இறங்கி வெடித்திருக்கிறது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடமாயிற்று. பின்னாளில் என்னை உள்ளூர் வரலாறு தெரிந்தவர் என்றார்கள். மறியலில் அடைபட்டிருந்தவனுக்கும் சுவரில் எத்தனை கல் என்று தெரியும். அதை யாரும் ஆராய்ச்சி என்று சொல்வதில்லை.

பிறகு மனைவி வந்தாள். அவளுக்கும் முதலில் அதே கடிதம், அதே எல்லை. எனக்கு ஒரு பொருட்கிடங்கில் ஏற்றுமதிப் பத்திரங்கள் எழுதும் வேலை கிடைத்தது. சுரங்கம் மூடப்பட்டு வீடுகளை விற்றபோது ஒன்றை வாங்கினோம். யாழ்ப்பாணத்தில் கச்சேரி என்ற அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்த காலத்திலேயே சுற்றறிக்கைகளை விரும்பிப் படித்தவன் நான். சுற்றுவட்டாரத் தமிழருக்கெல்லாம் படிவம் நிரப்பிக் கொடுத்தவனும் நான்தான். ஓய்வு பெற்றதும் ஊர் வரலாற்று வட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். ஏழு பேர், ஆறு பேர் ஜெர்மன்காரர். தொழிலாளர் உடை மாற்றிய பழைய மண்டபத்தில் கூடுவோம். அவர்களுடைய உடுப்புகளைக் கொக்கியில் மாட்டிச் சங்கிலியால் கூரைக்கு ஏற்றிய இடம் அது. கொக்கிகள் இன்னும் எங்கள் தலைக்கு மேல் தொங்குகின்றன.

ஒரு கட்டட முதலாளி தெருவின் ஒரு வரிசையை இடிக்கத் திட்டமிட்டபோது, முழுத் தெருவையும் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கக் கோருவதென்று வட்டம் முடிவு செய்தது. யார் எழுதுவது என்று கேட்டபோது ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். அறுபத்து நான்கு பக்கம் எழுதினேன். சீமெந்து மூடிபோட்டு அடைத்த சுரங்கவாய், புறாக்கூடுகள், படிகள் எல்லாம் அதில் உண்டு. நீரிறைக்கும் பம்புகள் பற்றியும் ஓர் அத்தியாயம். கீழே தோண்டியதில் கிராமமே தாழ்ந்துவிட்டதால் பம்புகள் நின்றால் நாங்கள் குளத்துக்கு அடியில். ஆகவே அவை என்றென்றைக்கும் ஓடவேண்டும். என்றென்றைக்கும் என்ற சொல்லை அரச ஆவணத்தில் நான் கண்டது அந்த ஓரிடத்தில்தான்.

நகரசபையில் ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொண்டார்கள். வட்டம் எனக்கு ஒரு சுரங்க விளக்கைப் பரிசளித்தது.

அதற்கடுத்த கார்த்திகையில் மனைவி குசினியில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். வைத்தியசாலையிலிருந்து நான்கு சில்லு வைத்த நடைவண்டியோடு வந்தாள். வீட்டுக்குள் அதைத் தள்ளி நடப்பாள். படியில் அது உதவாது. பின்கதவுக்கு நிலவறைக்குள் இறங்கி ஏறவேண்டும். வைத்தியரைப் பார்க்க டெர்மின் குறித்த நாளில் இரண்டு பேர் வந்து கதிரையில் வைத்துக் காவிக்கொண்டு போவார்கள். அயலவர்கள் யன்னலில் நிற்பார்கள். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். பொன் நகரத்தில் இருக்கும் மகளின் வீடு மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை.

சரிவுப்பாதை கட்ட அனுமதி கேட்டு நகரசபைக்கு அன்ட்ராக் படிவம் போட்டேன். வைத்தியச் சான்று, வரைபடம், அளவுகள் எதுவும் குறையவில்லை. மறுத்துக் கடிதம் வந்தது. அவளுக்கு வாசித்துக் காட்டினேன்: “ஆறு படிகளும் மறைப்பின்றி வீட்டுக்கு வீடு தொடர்வதே இத்தெருவின் முகம்.”

“நல்லா எழுதியிருக்கிறாங்கள்” என்றாள்.

“அது நான் எழுதினது. பதினேழாம் பக்கம்.”

அவள் நடைவண்டியைத் தன் பக்கம் இழுத்தாள். “இஞ்சாருங்கோ, முந்தி எனக்குக் கால் இருந்தது, கடிதம் இல்லை. இப்ப உலகம் முழுக்கப் போகலாம், படியால இறங்கேலாது. உங்கட வரலாற்றுக்குள்ள என்னையும் வைச்சுப் பூட்டிப்போட்டியள்.”

ஆட்சேபிக்க ஒரு மாத அவகாசம். என் அறிக்கையை எடுத்து வைத்து அதிலே ஓட்டை தேடினேன். மூன்று வாரம் தேடினேன். எதிராளி ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

நான்காவது வார ஞாயிற்றுக்கிழமை ஊர் பார்க்க வந்தவர்களை அழைத்துப் போவது என் முறை. இருபது பேர் வந்திருந்தார்கள். கோபுரம், மண்டபம், சுரங்கவாய் முடித்து எங்கள் தெருவுக்கு வந்தோம். படிகளைப் பற்றிப் பேச வழமையாக நிற்கும் இடம் என் வீட்டு வாசல்தான். வேறு வாசலில் நின்றால் வட்டத்தினர் காரணம் கேட்பார்கள். நின்றேன். கரி, நிலவறை, மறைப்பில்லாத வரிசை என்று சொல்லிக்கொண்டிருக்கையில் மேலே யன்னல் திறந்தது.

“படியைக் காட்டிறியளே? காட்டுங்கோ. மேல வைச்சிருக்கிற சாமானையும் காட்டுங்கோ. இதைப் பாக்க ரிக்கற் காசு இல்லையோ?”

தமிழில்தான் சொன்னாள். ஆனாலும் இருபது பேரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

“அவ என்ன சொல்லுறா?” என்று ஜெர்மன் மொழியில் கேட்டவர் தன் வாசலில் நின்ற அடுத்த வீட்டு அம்மா. எண்பது வயது, சுரங்கத் தொழிலாளியின் மகள், எங்கள் வட்டத்தில் மூத்தவர்.

“உங்களை வரவேற்கிறா” என்றேன்.

“இந்த முகத்தோடையோ? ஐந்து மாதமா அவவை நான் தெருவில காணேல்லை. என்ர அப்பாவின்ர பலகையைப் பற்றி இவைக்குச் சொன்னனீங்களோ?”

சொல்லவில்லை. அறுபத்து நான்கு பக்கத்திலும் சொல்லவில்லை. அவருடைய தகப்பன் சுரங்கத்துக்குள் ஒரு காலை இழந்தவர். சுரங்கத்துத் தச்சன் குறுக்குச் சட்டம் அடித்த ஒரு நீளப் பலகை செய்து கொடுத்தான். சாகும்வரை அதன் மேல்தான் அவர் சக்கர நாற்காலியில் ஏறி இறங்கினார். அதன் பழைய புகைப்படத்தை எனக்குக் காட்டியவரும் இந்த அம்மாதான். படிகளைப் பலகை மறைக்கிறது, மறைப்பில்லை என்ற என் வாக்கியம் கெடும் என்று விட்டுவிட்டேன். அந்த அம்மாவிடம் அறிக்கையில் இடம் போதவில்லை என்று சொல்லியிருந்தேன்.

“இல்லை. நான்தான் விட்டனான்” என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

“ஏன்?”

“வசனம் வடிவா இருந்தது.”

யாரும் சிரிக்கவில்லை. அன்று பின்னேரம் அவரிடம் படத்தை வாங்கி, என் அறிக்கை ஓர் ஆதாரத்தைத் தெரிந்தே தவிர்த்தது என்று இரண்டு பக்கம் எழுதி நகரசபைக்கு அனுப்பினேன். வட்டத்தின் அடுத்த கூட்டத்தில் இரண்டு பேர் எனக்குக் கை கொடுக்கவில்லை.

பதில் வந்தது. கட்டுமானம் எதுவும் கூடாது. ஆனால் முன்னுதாரணம் இருப்பதால், படியோடு பொருத்தாத மரப்பலகை வைக்கலாம். காலை எட்டு மணிக்கு வைத்து மாலை ஆறு மணிக்கு எடுத்துவிட வேண்டும். நான் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

முதல் நாள் நான் பின்பக்கமாக நடந்து வண்டியைப் பிடித்துக்கொள்ள, அவள் அங்குலம் அங்குலமாக இறங்கினாள். கீழே நின்று மூச்சு வாங்கினாள். பிறகு என்னைக் கேட்காமலே தெருவைத் தாண்டி, குன்றைச் சுற்றி, பழைய எல்லைப் பாலம் வரை போனாள். வழியில் எல்லா வாங்கிலும் உட்கார்ந்து எழும்பினாள். நான் இரண்டு தரம் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

“உமக்கு விளங்குதோ, ஆறு மணிக்குப் பலகையை எடுக்க வேணும்” என்றேன்.

அவள் பாலத்தின் நடுவில் வண்டியின் பிரேக்கைப் போட்டு, அதன் இருக்கையில் அமர்ந்தாள்.

“போய் எடுங்கோ” என்றாள். “நான் வெளியில நிக்கிறன்.”