ஏழடிக் கட்டில்

காலை ஆறேகால் மணி. முதலில் கண்ணில் பட்டது நீல நிற அரைக்கால் சட்டை.

மயிலாப்பூரில் கால்வாயை ஒட்டியிருக்கும் மாநகராட்சித் திடல். கூடைப்பந்து மைதானத்தின் இரும்புக் கதவில் தலை இடிக்காமல் குனிந்து அவன் உள்ளே வந்தான். ஆறடி ஆறங்குலம். அவன் நிமிர்ந்ததும் மேற்குப் படிக்கட்டிலிருந்து ஒரு கூச்சல் எழுந்தது. கிழக்குப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த ஆடிட்டர், கையிலிருந்த டீ கிளாஸை ஓசையில்லாமல் கீழே வைத்தார்.

அந்த மைதானத்தில் தினமும் காலையில் இரண்டு கல்லூரிகளின் பழைய மாணவர்கள் கூடுவார்கள். கொஞ்சம் ஆடுவார்கள், நிறையப் பேசுவார்கள். ஒரு கல்லூரியின் நிறம் நீலம், இன்னொன்றின் நிறம் மெரூன். நீலக்காரர்கள் மேற்குப் படிக்கட்டு, மெரூன்காரர்கள் கிழக்கு. யாரும் அப்படி ஒதுக்கவில்லை. வெயில் ஏறி மேற்குப் படி சுடும்போதும் நீலக்காரர் ஒருவரும் இந்தப் பக்கம் வந்ததில்லை. நான் மெரூன். படித்த காலத்தில் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பிறகு பத்திரிகையில் விளையாட்டுப் பக்கம் பார்த்தேன். அதுவும் ஏறக்குறைய அதே வேலைதான்.

பிளஸ் டூ முடிக்கும் நல்ல ஆட்டக்காரனை விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்த்துக்கொள்ள இரண்டு கல்லூரிகளும் ஒவ்வோர் ஆண்டும் போட்டி போடும். இரண்டு பயிற்சியாளர்களும் தங்கள் கல்லூரி உடையை அவனிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவன் தன் முடிவை யாரிடமும் வாயால் சொல்ல மாட்டான். ஒரு நாள் காலை இரண்டில் ஒன்றைப் போட்டுக்கொண்டு இந்தத் திடலுக்கு வருவான். அதுதான் அறிவிப்பு. ஏன் என்று கேட்பது மரியாதையில்லை.

அந்த வருடம் நீலத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை, நீலக்காரர்கள் உட்பட. எங்கள் அணி நன்றாக ஆடிக்கொண்டிருந்தது. அவர்களுடையது கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் முதல் சுற்றைத் தாண்டிப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

"என்னவே ஆடிட்டரே, மூஞ்சி செத்துப் போச்சு?" மேற்குப் படியிலிருந்து ஜவுளிக்கடைக்காரர் கத்தினார். தி. நகரில் கடை, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். நீலக்காரர்களுக்கு அவர்தான் தலைவர்.

"பைக்கா, ஸ்கூட்டரா?" என்றார் ஆடிட்டர். "என்ன வாங்கிக் குடுத்து மடக்கினேள்? சொல்லுங்கோ, தெரிஞ்சுண்டு போறோம்."

"ஒண்ணும் வாங்கிக் கொடுக்கலவே. பாரம்பரியம்! எங்க காலேஜ் பாரம்பரியத்தைப் பாத்து வந்திருக்கான்."

"பாரம்பரியமா? போன வருஷம் எங்ககிட்ட வாங்கினேளே, அதுவா?"

இரண்டு பக்கமும் சிரித்தது. அவன் யாரையும் பார்க்காமல், தனியாகக் கூடைக்கு முன்னால் நின்று எறிந்துகொண்டிருந்தான். நடுவில் ஒரு முறை கொட்டாவி விட்டான்.

அவன் ஏன் நீலத்தைப் போட்டுக்கொண்டு வந்தான் என்பது எனக்குத் தெரியும். அங்கே இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு அவனைப் பற்றிச் சின்னதாக ஒரு செய்தி எழுத நொச்சிக்குப்பத்தில் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். குடியிருப்பின் தரைத்தளத்தில் ஒரே அறை, ஒரு சமையல் மூலை. சீலிங் ஃபேன் சத்தத்தோடு சுற்றிக்கொண்டிருந்தது. அதன் கீழே இரும்புக் கட்டிலில் அவன் அப்பா படுத்திருந்தார். கரையேறும்போது அலை படகைத் தூக்கி அவர் முதுகில் அடித்திருக்கிறது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. மகனைப் போலவே பெரிய உடம்பு. கைகள் மட்டும் இன்னும் வலை இழுத்தவருடைய கைகளாகவே இருந்தன.

நான் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் எழுந்து போனான். ஒரு கையை அப்பாவின் தோளுக்கு அடியிலும் இன்னொன்றை இடுப்புக்கு அடியிலும் கொடுத்துத் தூக்கி, மறுபக்கம் திருப்பிப் படுக்க வைத்தான். முதுகைப் பார்த்தான். பவுடர் போட்டான். அப்பா சுவரைப் பார்த்தபடி இருந்தார். திருப்பாமல் விட்டால் புண் வந்துவிடும். பகலில் அக்கம்பக்கத்தில் யாராவது கை கொடுப்பார்கள். இரவில் இரண்டு முறை அவன்தான் எழுந்திருக்க வேண்டும். அம்மாவுக்கு அவன் முழங்கைக்கு மேலே கொஞ்சம்தான் உயரம்.

வெளியே வந்து என்னை வழியனுப்பும்போது சொன்னான்: "அத்த மட்டும் எழுதாத சார். நைனாவுக்குப் புடிக்காது."

"எழுதல. எந்தக் காலேஜ்னு முடிவு பண்ணிட்டியா?"

"உங்க காலேஜுல ஆஸ்டல் கட்டாயம்னுட்டாங்க. அஞ்சு மணிக்கு பிராக்டிஸ், நைட்டு கேட்டு பூட்டிடுவாங்களாம். நீலக் காலேஜுல வூட்டாண்டேந்தே வரலாம்னாங்க." தோளைக் குலுக்கினான். "அவ்ளோதான் சார்."

செய்தியில் அவன் உயரத்தையும் ஒரு ஆட்டத்தில் எடுத்த புள்ளிகளையும் எழுதினேன்.

நீல உடை போட்டு வந்த நாளிலிருந்து அவன் பழைய மாணவர்களின் சொத்து ஆகிவிட்டான். ஒருவர் ஷூ வாங்கினார். ஒருவர் தினமும் நாலு முட்டை அவித்துக் கொண்டுவந்தார். ஜவுளிக்கடைக்காரர் தன் கடை இன்ச் டேப்பைக் கொண்டுவந்து, ஸ்டூலில் ஏறி நின்று, அவனை உச்சியிலிருந்து குதிகால் வரை அளந்தார். "ஒருத்தனுக்கு ரெண்டு பேர் துணி வேணும்வே!" என்று மைதானம் முழுக்கக் கேட்கச் சொன்னார். பேண்ட் தைக்கத்தான் அளக்கிறார் என்று நினைத்தோம்.

அவருக்கு ஒரே ஒரு குறை இருந்தது. பையன் கொட்டாவி விடுகிறான்.

"குப்பத்துல எங்கவே தூங்குவான்?" என்று ஒரு நாள் டீக்கடையில் என்னிடம் கேட்டார். டீக்கடை மட்டும் பொது இடம். அங்கே நிறம் கிடையாது. "ஒத்த ரூமு. காலை நீட்டினா வாசலுக்குப் போயிரும். பாவம். ஹாஸ்டல்ல போட்டா நல்லாத் தூங்குவான். ஆனா அங்க கட்டில் ஆறடி. அதான் ஏழடியில ஒண்ணு செய்யச் சொல்லிட்டேன். தேக்கு."

டீ சூடாக இருந்தது. ஊதி ஒரு வாய் குடித்தேன்.

"வீட்டிலேர்ந்தே வரட்டுமே," என்றேன். "அவனுக்கு அதுதான் சௌகரியம்னு தோணுது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கடையிலிருந்த எல்லோருக்கும் சேர்த்துச் சொன்னார்: "கேட்டீங்களாவே! பேப்பர்காரர் யோசனை சொல்லுதாரு. பையன் தூங்காமக் கெடந்தாத்தான மெரூன் ஜெயிக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். தோளில் தட்டினார். என் டீக்கும் அவர்தான் காசு கொடுத்தார். நான் நீலமாக இருந்திருந்தால் ஒருவேளை ஒரு நிமிடம் யோசித்திருப்பார்.

ஆடிட்டருக்கும் விஷயம் போய்ச் சேர்ந்தது. "நீங்க எதுக்கு அவாளுக்கு நல்லது சொல்லிண்டிருக்கேள்?" என்று கடிந்துகொண்டார். "கட்டில் போடட்டும். நன்னா தூங்கட்டும். மேட்ச் அன்னிக்கும் எழுந்திருக்காம இருந்தான்னா கற்பகாம்பாளுக்குப் புடவை சாத்தறேன்."

அன்று ஆட்டம் முடிந்ததும் திடல் குழாயடியில் அவனைப் பிடித்தேன். கட்டில் தயாராகிறது என்பது அவனுக்கு அதுவரை தெரியாது. முகத்தில் தண்ணீர் வழிய நின்றான்.

"நான் அவர்கிட்ட உண்மையைச் சொல்லிடட்டுமா? அவர் கெட்டவர் இல்லை. புரிஞ்சுப்பார்."

"வேணாம் சார்." உடனே சொன்னான். "புரிஞ்சிக்கும். அப்பால எல்லாரையும் இட்டுகினு வூட்டாண்ட வரும். ஷாலு எடுத்துகினு வருவாங்க. நைனா பக்கத்துல நின்னுகினு போட்டோ புடிப்பாங்க. அது அப்பால சோறே துன்னாது."

நீலக்காரர்களை எனக்கும் தெரியும். மெரூன்காரர்கள் நாங்களும் அதைத்தான் செய்வோம்.

"வீட்டிலேர்ந்தே வரலாம்னு அவங்கதானே சொன்னாங்க? கோச்கிட்ட நீயே சொல்லிப் பாரேன்."

"வூட்ல இருந்துக்கிறேன்னு கேட்டேன் சார், முன்னாடியே. ஆஸ்டல்ல மொத வாரம் எல்லாப் பசங்களும் அம்மா வேணும்னுதான் அய்வானுங்கன்னு சிரிச்சாரு."

அடுத்த ஞாயிறு காலை கட்டில் திடலுக்கே வந்தது. விடுதிக்கு நேராகப் போயிருக்கலாம். ஆனால் கிழக்குப் படிக்கட்டு பார்க்க வேண்டுமே. குட்டி யானைச் சரக்கு வண்டி ஒன்று பின்பக்கமாக மைதானத்துக்குள் வந்து நின்றது. அதில் கட்டில், வார்னிஷ் வாசனையோடு. தலைமாட்டில் சம்பங்கி மாலை. கடைப் பையன்கள் மெத்தையைக் கூடப் போட்டிருந்தார்கள்.

முதலில் அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு படுத்துக் காட்டச் சொன்னார்கள்.

"படுடா! காலை நீட்டுடா! இன்னும் நீட்டு! பாத்தீரா ஆடிட்டரே, அரையடி மிச்சம்!"

"மிச்சத்துல நீங்க படுத்துக்கோங்கோ," என்றார் ஆடிட்டர்.

அவன் வண்டிமேல், கட்டிலில், பொன்னாடையோடு மல்லாந்து கிடந்தான். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மார்பின் மேல் வைத்திருந்தான். செல்போன்கள் சுற்றி உயர்ந்தன. மேலே வேப்பமரக் கிளை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நீலக் கல்லூரிப் பயிற்சியாளரும் வந்திருந்தார். அவருக்கு இத்தனை பேர் முன்னால் பேச வேண்டியிருந்தது. "இவ்வளவு செஞ்சிருக்காங்க, பாத்தியா? இனிமே ஹாஸ்டல்தான். இனி ஒரு நாள் கொட்டாவி விடக் கூடாது."

அவன் எழுந்து உட்கார்ந்தான். கிழக்குப் படிக்கட்டுப் பக்கம், என் பக்கம், ஒரு முறை பார்த்தான்.

"சரி சார்," என்று பயிற்சியாளரிடம் சொன்னான்.

கைதட்டினார்கள். எங்கள் பக்கத்திலும் சிலர் தட்டினார்கள்.

இரண்டு நாள் கழித்து மீன் வாங்கப் போனேன். அவன் அம்மாவுக்கு நொச்சிக்குப்பத்தில்தான் வியாபாரம். நான் எப்போதும் அவரிடம்தான் வாங்குவேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து சங்கரா மீனைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தார்.

"கட்டிலு பண்ணிக் குட்த்தாங்களாமே சார். தேக்காம்."

"பார்த்தேன்மா."

"அவுன் போ மாட்டேன்னுதான் நின்னான். அதுதான் போடான்னு சொல்லிச்சு." கத்தியால் வீட்டுப் பக்கம் காட்டினார். "நீ போவலைன்னா ஒரு வாய் துன்ன மாட்டேன்னு மூஞ்சத் திருப்பிக்கினு கெடந்திச்சு. நேத்து துணிய எடுத்துகினு கெளம்பிட்டான்."

"ராத்திரி நீங்க எப்படிம்மா சமாளிப்பீங்க?"

அவர் மீனைத் தண்ணீரில் அலசினார்.

"தலைய வுட்டுட்டு நறுக்கவா, தலையோட வோணுமா சார்?"

தலையோடு என்றேன்.

அந்தப் பருவத்தின் முதல் பெரிய ஆட்டமே நீலத்துக்கும் மெரூனுக்கும்தான். அவன் ஆடியதை நான் தொழில் முறையில் பல ஆட்டங்களைப் பார்த்த கண்ணோடு பார்த்தேன். எங்கள் பையன்களால் அவனை ஒன்றும் செய்ய முடியவில்லை. கூடைக்கு அடியில் மேலெழும்பிப் பந்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கும் இடமெல்லாம் அவனுடையதாக இருந்தது. கால்கள் கடைசி நிமிடம் வரை தளரவில்லை. கொட்டாவி இல்லை. நீலம் ஜெயித்தது. ஜவுளிக்கடைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடி அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டார். அவருக்கு எட்டியது அவ்வளவுதான்.

"தூக்கம்வே!" என்று எங்களைப் பார்த்துக் கத்தினார். கண் கலங்கியிருந்தது. "எல்லாம் தூக்கம்!"

ஆடிட்டர் எழுந்து போய் அவருக்குக் கை கொடுத்தார். "கட்டில் விஷயத்துல நீங்கதான் ஜெயிச்சேள்," என்றார். அவர் அப்படி ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. ஜவுளிக்கடைக்காரர் என்னைத் தேடி வந்து, "டீக்கடையில நீரு என்ன சொன்னீரு, ஞாபகம் இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன்.

அவர் சொன்னது தவறில்லை. பையன் உண்மையிலேயே நன்றாகத் தூங்கியிருந்தான்.

மறுநாள் பேப்பரில் அவன் படம் வந்தது. அவன் அம்மா ஒரு பிரதி வேண்டும் என்று கேட்டிருந்தார். மாலையில் எடுத்துக்கொண்டு போனேன். கதவு திறந்திருந்தது. அவர் மீன் கூடையோடு இன்னும் திரும்பியிருக்கவில்லை. உள்ளே அப்பா மட்டும் இருந்தார். உள்ளங்கைகளில் துணி சுற்றியிருந்தார். பேப்பரை வாங்கிப் படத்தை வெகுநேரம் பார்த்தார். "கால நல்லா ஊணிக்கினு நிக்கிறான்," என்றார். அறை புழுக்கமாக இருந்தது.

ஃபேன் மாட்டியிருந்த கொக்கியிலிருந்து ஒரு படகுக் கயிறு, நுனியில் பெரிய முடிச்சோடு, படுத்தபடியே பிடித்துப் புரள எட்டும் உயரத்தில் கட்டிலின் மேல் தொங்கியது. ஃபேன், இறக்கைகள் கழற்றப்பட்டு, கட்டிலுக்கு அடியில் இருந்தது.