எதிராளி நாற்காலி

வர்த்தக அமைச்சகத்தின் சட்டப் பிரிவில் அவளுக்கு ‘எதிர்க்கட்சி’ என்று பெயர். எந்தக் கடிதமும் வெளியே போகும் முன், மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து, எதிராளியாகவே மாறி அதைக் கிழிகிழியென்று கிழிப்பாள். சிலர் அதை வாய்க்கொழுப்பு என்பார்கள். வாய்க்கொழுப்பும் இல்லை, ஒன்றும் இல்லை, அதுதான் வேலை.

பெரிய நாடு ஒன்று, இரு நாடும் சேர்ந்து போட்ட வர்த்தக ஒப்பந்தத்தை மீறி, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், இவர்கள் நாட்டுத் தோல் கையுறைகளுக்கு வரியை மூன்று மடங்காக்கிவிட்டது. கையுறை ஆலையில் பாதி மெஷின் நின்றது. அங்கே தைத்துக்கொண்டிருந்த அவளுடைய அண்ணனுக்கும் வேலை போயிற்று.

“அவன் அடிச்சா திருப்பி அடிக்கணும்டி! நீ என்னடான்னா கடுதாசி எழுதிட்டிருக்க” என்று சோற்றுத்தட்டின் முன்னால் அண்ணன் சீறினான்.

“அடிக்கலாம்ணே. கேட்டுட்டு அடிக்கலாம்.”

“யாரைக் கேக்கணும்? அவனையேவா?”

அண்ணி சிரித்துவிட்டாள். அண்ணன் பாதியில் எழுந்து போனான்.

ஆபீசிலும் அதே கொதிப்புதான். பெரிய நாட்டு இயந்திரங்களுக்கு உடனே பதில் வரி என்று இயக்குநர் உத்தரவே எழுதிவிட்டார். அவள் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து, பெரிய நாடாகவே மாறிப் பேசினாள்.

“ஐயா, ஒப்பந்தத்துல ரெண்டு பேரும்தான் கையெழுத்துப் போட்டோம். நாங்க மீறிட்டோம்னு கத்துறீங்க. நீங்க மட்டும் யாரைக் கேட்டு வரி போட்டீங்க?”

“உன்கூட மல்லுக்கட்ட முடியாதும்மா” என்று இயக்குநர் உத்தரவைக் கிழித்துப் போட்டார்.

ஒப்பந்தம் சொன்ன வழியிலேயே போனார்கள். முதலில் பேச்சுக்கு அழைப்பு. பேச்சு முறிந்ததும் நடுவர் குழுவில் வழக்கு. நாட்டுப் பாதுகாப்புக்காகத்தான் வரி போட்டோம் என்றது பெரிய நாடு.

“எங்க கையுறையால உங்களுக்கு என்னங்க ஆபத்து? போட்டா வெரல் வேர்க்கும், அவ்வளவுதானே?” என்றாள் அவள். நடுவர்களே சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

தீர்ப்பு இவர்கள் பக்கம் வந்தது. அந்த வரியை எடுக்காவிட்டால், பட்ட நஷ்டத்தின் அளவுக்குப் பதில் வரி போடலாம் என்று அனுமதியும் கிடைத்தது. இனி அடித்தால் அது முறையான அடி. அது விழும் முன்பே பெரிய நாடு தன் வரியை இறக்கிக்கொண்டது.

அதற்குள் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இல்லையென்று சொல்வதற்கில்லை. அதுவரை அண்ணன் சந்தையில் மூட்டை தூக்கினான். தங்கையிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளோ, தினமும் அவனோடு உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். வழக்காடுவதைவிட அதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும்.

நின்ற மெஷின்கள் மறுபடி ஓடிய அன்று, ஆலை வாசலில் கூட வேலை செய்பவன் ஒருவன் அண்ணனைச் சீண்டினான்: “உன் தங்கச்சி மனசு வச்சிருந்தா போன வருஷமே திருப்பி அடிச்சிருக்கலாம்ல?”

“அடிச்சிருந்தா அந்தப் பெரிய நாட்டுக்காரன் இன்னொரு வரி போட்டிருப்பான். கேக்க நமக்கு வாயும் இருந்திருக்காது, இந்த ஆலையும் இருந்திருக்காது. உள்ள போடா” என்றான் அண்ணன்.