மரத்தின் காதுகள்

குளியலறைக் கதவின் அடிப்பலகை தண்ணீரில் ஊறி மக்கிய வாசம் இன்று காலையில் வந்ததும், அல்சூரில் எங்கள் சந்து முனையில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தின் அடிக்கட்டைக்கு நினைவில் போய்விட்டேன். தெருவை அகலமாக்க மரத்தை வெட்டியவர்கள் அடிக்கட்டையை மட்டும் விட்டுப்போயிருந்தார்கள். அடுத்த மழைக்கு அதன் பக்கவாட்டில் காது மாதிரி ஒரு காளான் முளைத்தது. பிறகு வருஷா வருஷம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கு ஏறியது. மேலே பழுப்பு, ஓரத்தில் வெண்ணெய் நிறம், தட்டினால் கட்டைச் சத்தம். மரம் திரும்பத் தழைப்பதாக நினைத்து, அம்மா தினமும் அரிசி களைந்த தண்ணீரை அதற்கு ஊற்றினாள். வெள்ளிக்கிழமைகளில் காதுகளுக்கெல்லாம் மஞ்சள் வைத்தாள்.

காளான்தான் கட்டையைத் தின்கிறது, ஈரம் பட்டால் இன்னும் வேகமாகத் தின்னும் என்று பள்ளியில் படித்துவந்து சொன்னேன்.

"துன்னட்டும்டீ. அதுக்கு அந்த மரத்த வுட்டா வேற யாரு கீறாங்க?" என்றாள் அம்மா.

நான் கல்லூரி சேர்ந்த வருஷத்து மழையில் கட்டை பொடிந்து கரைந்துபோனது. மறுநாளும் அம்மா சொம்போடு வந்தாள். வெறும் மண்ணில் மெதுவாக ஊற்றினாள்.